ரோட்டுக்குக் கேக்குது

வீட்டில் என் வாய்க்குப் பூட்டே கிடையாது. தம்பியோடு சண்டை, அம்மாவோடு வாக்குவாதம், ரேடியோவில் பாடுகிறவர்களோடு போட்டி என்று காலையிலிருந்து ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருக்கும் நைனா தலையைத் தூக்காமலே சொல்வார்: "மெல்லப் பேசு. ரோட்டுக்குக் கேக்குது."

எங்கள் சிங்கவரத்தில் ஒரு பெண்ணின் சத்தம் ரோட்டுக்குக் கேட்டால் அந்த வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் வாசற்படியைத் தாண்டினால் நான் வேறு ஆள். செஞ்சிக்கு சைக்கிள், அங்கிருந்து கல்லூரிக்கு பஸ். பஸ்ஸில் நான் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் காதைக் கிட்டே கொண்டுவர வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது கோ-கோ அணியில். ஓட்டத்தில் என்னைப் பிடிக்க ஆள் இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஆனால் கோ-கோவுக்குக் கால் மட்டும் போதாது. துரத்துகிறவள், வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழியின் முதுகில் தட்டி "கோ" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவள் எழுந்து ஓடலாம். தட்டிவிட்டுச் சத்தம் வராவிட்டால் அம்பயர் விசில் ஊதிவிடுவார்.

எண்பதுகளில் பெண்கள் விளையாடினால் மைதானத்தைச் சுற்றி வேலை வெட்டி இல்லாத ஆண்கள் வேலி போட்ட மாதிரி நிற்பார்கள். அவர்களைப் பார்த்ததும் என் "கோ" தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரு பயிற்சி ஆட்டத்தில் அம்பயர் அம்மா எனக்குத் திரும்பத் திரும்ப விசில் ஊதினார். வெளியே நின்ற ஒருவன் எலி கீச்சிடுகிற மாதிரி "கோ" என்று செய்து காட்ட, கூட்டமே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மேல் கல்லை விட்டெறிந்திருப்பேன். நல்லவேளை, பக்கத்தில் கல் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் விளையாட்டு மேடம் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த மேட்ச் உங்க செஞ்சியிலதான். அன்னிக்கும் வாய் திறக்கலன்னா உன்னை வெளிய உக்கார வெச்சிருவேன்." என் ஊரில், எனக்குத் தெரிந்தவர்கள் கண் முன்னால், வெளியே உட்காருவதா?

அந்த மேட்ச்சுக்கு முந்தின வாரம் அமாவாசை. எங்கள் கல்லூரியில் விளையாடுகிற பிள்ளைகள் ஊர்ச் சேவைக்கும் போயே ஆக வேண்டும். அது மேடம் போட்ட சட்டம். பையன்களை ஏரிக்கரையில் மண் கொட்ட அனுப்பினார்கள். எங்களுக்கு மேல்மலையனூர் கோயில், அமாவாசை ராத்திரிக்கு அங்கே ஜனம் வந்து குவியும். கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும் தொலைந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலை.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை தனியாக நின்றது. மூன்று வயதிருக்கும். பச்சைப் பாவாடை, காலில் கொலுசு, கையில் பாதி தின்ற பொரி உருண்டை. பேர் கேட்டால் "பாப்பா" என்றது. ஊர் கேட்டால் "ஆயா வூடு" என்றது. கோயில்காரர்களை மைக்கில் சொல்லச் சொன்னோம். சொல்ல ஆரம்பித்ததுமே கரண்ட் போய்விட்டது. இருந்ததெல்லாம் பம்பை மேளச் சத்தமும் ஜனங்களின் இரைச்சலும்தான்.

எங்கள் கேப்டன் செஞ்சிக் கடைத்தெரு பாய் வீட்டுப் பெண், எதற்கும் அசராதவள். "இன்னாடி முழிச்சினு நிக்கிறீங்க? இங்கேர்ந்து பஸ் நிக்கிற எடம் வரைக்கும் வரிசையா நில்லுங்க. கோ குடுக்கிற மாதிரி ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குக் குடுத்துனே போவலாம்" என்றாள். என்னைப் பார்த்து, "நீதான் வேகமா ஓடுவ. கடைசிக்குப் போ" என்றாள்.

ஸ்பெஷல் பஸ்கள் நின்ற திடலுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் கடைகளைத் தாண்டிச் செய்தி ஒவ்வொரு குரலாக வந்தது. பக்கத்தில் நின்றவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "பச்சப் பாவாட! கொலுசு! மூணு வயசு பாப்பா!" இனி நான் கத்த வேண்டும். எனக்கு அப்புறம் ஆள் கிடையாது.

முதல் பஸ்ஸின் ஜன்னலோரம் போய், "இங்க யாராவது கொழந்தய..." என்று ஆரம்பித்தேன். "உள்ள ஏறும்மா, டிக்கெட் தரேன்" என்றார் கண்டக்டர்.

அதற்குள் அடுத்த பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தக் குழந்தை அதுவரை அழவே இல்லை. யாராவது வருவார்கள் என்று நம்பி, பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டு நின்றதே, அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"கொழந்தய வுட்டுட்டுப் போறது யாரு? பச்சப் பாவாட! கொலுசு போட்ட பாப்பா!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நாலு பஸ்ஸிலிருந்தும் தலைகள் வெளியே வந்தன. கிளம்பிய பஸ் பிரேக் போட்டு நின்றது. அதன் முன்பக்கத்தில் இருந்த ஒரு பெண் பின்னால் திரும்பி, "யோவ், பாப்பா உன்னாண்டதான இருக்குது?" என்றாள். கடைசி சீட்டிலிருந்து பதில் வந்தது: "உன்னாண்ட இருக்குதுன்னு இல்ல நான் நெனச்சினு இருக்கேன்!"

அம்மாவைப் பார்த்த பிறகுதான் பாப்பா அழுதது. அந்தப் பெண்ணும் அழுதுகொண்டே என் கன்னத்தை வழித்து, "உன் தொண்ட நல்லா இருக்கணும் தாயி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரண்ட் வரும் வரை கத்தினேன், வந்த பிறகும் கத்தினேன். ஒரு தாத்தா, இரண்டு பையன்கள், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு சேவல் எல்லாரும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா உப்புத் தண்ணீரோடு பின்னாலேயே அலைந்தாள். "இப்பதான் வூடு வூடாட்டம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே நைனா மல்லாட்டையை உரித்தார். நடந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் கத்தியது ஒரு திடல் முழுக்கக் கேட்டிருந்தது.

மேட்ச் அன்று தொண்டை பாதிதான் தேறியிருந்தது. கோட்டைச் சுவரையொட்டிய மைதானத்தைச் சுற்றி இங்கேயும் அதே மாதிரி ஆண்கள் வேலி. டீக்கடைக்காரர்கூடக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். அம்பயரும் அதே அம்மாதான். நான் ஓடிப்போய் முதல் முதுகில் தட்டினேன். "கோ!" உட்கார்ந்திருந்தவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். அடுத்தது இன்னும் பலமாக வந்தது. எனக்கோ நிறுத்தவே மனமில்லை. எதிர் அணிப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க அம்பயரிடம் முறையிட்டாள்: "மேடம், காதுல வந்து கத்துறா!"

"சத்தம் வரலன்னாதான்மா தப்பு. நீ ஓடு" என்றார் அம்பயர் அம்மா.

ஜெயித்தோம். தோழிகளிடமிருந்து விடுபட்டு நிமிர்ந்தால், கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நைனா. கேரியரில் காலிச் சாக்கு. எனக்குப் பகீரென்றது.

"நீ எங்க நைனா இங்க?"

"மல்லாட்டைய மண்டியில போட்டுட்டு வூட்டுக்குப் போயினு இருந்தேன்" என்றார். சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரோட்டுக்குக் கேட்டுது. எம் பொண்ணு கொரலாச்சேன்னு வந்துட்டேன்."