சிவப்பு வெளுத்த வாரம்

தாம்பரம் மார்க்கெட்டில் புடவைக்கு மேட்சிங்காக ஜாக்கெட் துணி பார்க்கப் போன இடத்தில்தான் என் இடது கண் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். அரக்குச் சிவப்புப் புடவை. துணியை அதன் மேல் வைத்து, லேபில் வந்த பழக்கத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வலது கண்ணுக்கு அரக்கு அரக்காகவே இருந்தது. இடது கண்ணுக்கு அதே புடவை செங்கல் பொடி மாதிரி தெரிந்தது.

"இன்னா மேடம், கண்ணை மூடி மூடிப் பாக்கறீங்க? ரெண்டும் ஒரே கலர்தான்" என்றார் கடைக்காரர். துணியை வாங்காமலே வெளியே வந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. கண்ணிலும் மூளையிலும் நரம்புகள் எப்படிச் சிறுகச் சிறுகச் செத்துப்போகின்றன என்று ஆராய்வதுதான் என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பார்வை நரம்பு பழுதானால் பெரும்பாலும் முதலில் சிவப்புதான் வெளுக்கும் என்று எனக்குத் தெரியும். சிலருக்கு அது கண்ணோடு நிற்காது என்பதும் தெரியும். மறுநாள் காலை மின்சார ரயிலில் பல்லாவரம் வருவதற்குள் மனக்கணக்கில் எனக்குப் பார்வை போய்விட்டது. கிண்டி வருவதற்குள் கை கால் விழுந்துவிட்டது.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் சோதித்துப் பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை. சிக்னல் விளக்கு, காலண்டரின் சிவப்புத் தேதி, கணவர் நெற்றியில் குங்குமம், எதைக் கண்டாலும் முதலில் ஒரு கண், பிறகு மறு கண். எல்லாமே இடது பக்கம் மங்கல். மைக்ராஸ்கோப்பில் மட்டும் சிவப்புச் சாயம் இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி பளிச்சென்று இருந்தது. அதற்கும் காரணம் வைத்திருந்தேன். விளக்கு வெளிச்சம் அதிகம், அதனால் குறை தெரியவில்லை. காரணம் சொல்லத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுக்குத் தலை பின்னும்போது கை தானாக நின்றுவிடும்.

ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. எங்கள் ஆராய்ச்சிக்கு உதவிக்கொண்டிருந்த கண் டாக்டர் ஒருவரிடம் போனேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர் மேஜையிலிருந்து சிவப்பு மூடி போட்ட மருந்து பாட்டிலை எடுத்தார்.

"கண்ணாடியைக் கழட்டும்மா."

"கழட்டினா எதிர்ல சுவரே தெரியாது சார்."

"சுவரை யாரு பாக்கச் சொன்னா? கிட்ட வெச்சு இந்த மூடியைப் பாரு."

வலது கண்ணில் சிவப்பு. இடது கண்ணிலும் அதே சிவப்பு. அவர் என் கண்ணாடியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தார். ஒரு பக்கம் தெளிவாக இருந்தது. இன்னொரு பக்கம் மெல்லிய பச்சை.

"இந்த லென்ஸ் எப்ப மாத்தின?"

முந்தின மாதம் ரயில் நெரிசலில் இடது லென்ஸ் கழன்று விழுந்து உடைந்திருந்தது. என் பவருக்குக் கையிருப்பில் இருந்ததைக் கண்ணாடிக் கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். நிறம் ஏற்றிய லென்ஸ் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. மைக்ராஸ்கோப் பார்க்கும்போது நான் கண்ணாடி போடுவதில்லை என்பதுகூட அப்போதுதான் உறைத்தது. மூளை வரைக்கும் போய்த் தேடியவள் மூக்கின் மேல் பார்க்கவில்லை.

மற்ற சோதனைகளையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, "நரம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிட்டுத் தூங்கு" என்றார். அப்பாடா என்று இருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை, அது பெரிதாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்னைப் பாத்தது இதுக்குத்தானா?"

"எப்பங்க?"

"தினம் காலைல. ஒரு கண்ணை மூடிகிட்டு நெத்தியவே உத்துப் பாப்ப. பாத்துட்டு முகம் வாடிடும். நான் வேற ரெண்டு தடவை குடையை பேங்க்லயே மறந்து வெச்சுட்டு வந்தேனா, மூளையில ஏதோ ஆரம்பிச்சிருக்கு, இவ கண்டுபிடிச்சுட்டா, சொல்ல மனசு வரலைன்னு நெனச்சேன்."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"பஸ்ல போறப்ப பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிச் சொல்லிப் பாத்துகிட்டேன்" என்றார். "நேத்து நடுவுல தட்டிடுச்சு."

பாவி மனுஷன், ஒரு வாரமாக அவரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்க, இப்ப சொல்லுங்க" என்றேன்.

பதினாறு, முப்பத்திரண்டு என்று மெதுவாக ஆரம்பித்தார். நூற்றுப் பன்னிரண்டு வரை வந்து நின்றுபோய் என் முகத்தைப் பார்த்தார். அடுத்தது என்ன என்று நானும் யோசித்தேன். வரவில்லை.

"எனக்கும் தெரியலைங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார்.