சேறு படாத சட்டை

எங்கள் ஷெட்டில் அழுக்காகத் திரும்பி வருகிறவருக்குத்தான் மரியாதை. காட்டுப் பாதையில் ஒரு சுற்று போய்விட்டு முகமெல்லாம் சேறாக இறங்கினால், அண்ணி சிரித்துக்கொண்டே துண்டை நீட்டுவாள். சுத்தமான சட்டையோடு இறங்குகிறவர் தொலைந்தார்.

வாடகைக்கு நாலு சக்கர பைக் எடுக்கிறவர்களுக்கு முன்னால் போய் வழி காட்டுவது அண்ணியின் வேலை. அதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. தாடி வைத்த ஆட்களையும் வரிசையில் நிற்க வைத்துத் தலை எண்ணுவாள். குருவிகள் கூடு கட்டும் மாதங்களில் மேட்டுப்பக்கம் யாரையும் விடமாட்டாள். மெதுவாகவே போவதால் 'ஆமை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அது காதுக்கு வந்த மறுநாளே தன் ஹெல்மெட்டில் ஒரு ஆமையை வரைந்துகொண்டாள்.

அண்ணன் மெக்கானிக். நான் வண்டி கழுவுகிறேன்.

பாதி வழியில் ஒரு சேற்றுக் குட்டை உண்டு. எல்லாரும் அதன் நடுவில்தான் போகவேண்டும் என்பது அண்ணியின் சட்டம். சேறு படக்கூடாது என்று ஒருவர் ஓரமாகப் புல்லில் ஏறினால், அடுத்தவர் அதற்கும் ஓரமாக ஏறுவார். நாலு மழையில் பாதை மைதானமாகிவிடும். ஆறடிக்கு மேல் அகலமானால் மூடிவிடுவோம் என்று வனத்துறையில் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாதை போனால் ஷெட்டும் போச்சு. அண்ணி மறுபடி வேனுக்குத்தான்.

அளந்து பார்த்து அனுமதியைப் புதுப்பிக்க ரேஞ்சர் வரும் நாள் வந்தது. என்றும் இல்லாத திருநாளாக அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மரம் கிரம் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்து வருகிறேன் என்று காலையிலேயே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் கழுவுவதற்கு ஹோஸைத் திறந்தேன். கழுவ ஒன்றுமில்லை. சக்கரத்தில் பச்சைப் புல் மட்டும் ஒட்டியிருந்தது.

அண்ணி துண்டோடு வந்தாள். பளிச்சென்றிருந்த சட்டையைப் பார்த்தாள். துண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏங்க, பறந்தா போனீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சக்கரத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டான். ஒரு நாள்தானே, ரேஞ்சர் முன்னால் சேறோடு நிற்கவா முடியும் என்று சமாளித்தான். தடத்தின் மேல் இலை தழையைத் தூவிவிடலாம் என்று ஒரு யோசனையும் சொன்னான். அதற்குள் ரேஞ்சரின் ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது.

குட்டை வரை மூன்று வண்டிகளில் போனோம். டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க, இரண்டு பேர் உட்காரும் வண்டியில் என்னையும் அண்ணி ஏற்றிக்கொண்டாள். ரேஞ்சர் ஒல்லியானவர், சிரிக்காதவர். அவர் டேப்பை விரிப்பதற்கு முன்பே அண்ணி புதுத் தடத்தைக் காட்டினாள்.

"சார், இது இன்னிக்குக் காலையில விழுந்தது. போனவர் என் வீட்டுக்காரர். இதையும் சேர்த்தே அளங்க."

டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் மறு ஓரத்துக்குப் போனேன். தடத்தோடு சேர்த்து எட்டேகால் அடி. தடம் இல்லாமல் ஐந்தே முக்கால், போன வருஷம் இருந்த அதே அளவு. ரேஞ்சர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு சேறு படாத வெள்ளைச் சட்டையோடு நின்ற அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டையை வச்சா கண்டுபிடிச்சீங்க?"

"வேற எதை வச்சு சார்?"

அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. தடத்தை மறைக்கிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், வீட்டுக்காரரையே காட்டிக்கொடுத்து அளக்கச் சொல்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். தடத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டவேண்டும், புல் மறுபடி முளைக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்பேன் என்று நிபந்தனை எழுதிவிட்டு அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் அங்கேயே மண்டி போட்டு, இறுகிப்போன மண்ணைக் குச்சியால் கிளறத் தொடங்கினான்.

மீதிப் பாதையைப் பார்க்கக் கிளம்பிய ரேஞ்சர், இஸ்திரி போட்ட தன் சீருடையை ஒருமுறை குனிந்து பார்த்தார். வண்டியின் மூக்கு மெல்ல ஓரத்துப் புல்லுக்குத் திரும்பியது.

"நடுவுல சார்," என்றாள் அண்ணி, வேன் குரலில்.

நடுவில் போனார். தெறித்த சேற்றில் பாதி அவர் மேல், மீதி அண்ணன் முதுகில். அக்கரையில் வண்டியை நிறுத்தி, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

அண்ணி இடுப்பிலிருந்த துண்டை உருவினாள். முதலில் அண்ணனிடம்தான் நீட்டினாள்.