கஸ்தூரி திருத்திய முகம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது கஸ்தூரியின் தம்பி அழைத்தார். "அக்கா காலைல தவறிட்டாங்க" என்றார். கேட் திறந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை ஓரங்கட்டி நின்றேன். மறுநாள் மூலக்கொத்தளத்தில் அவளை அடக்கம் செய்தோம். வந்திருந்த மாணவர்கள் அவளிடம் படித்த ஓராண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு உடனிருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

சமகால ஓவியர்களுக்கான ஃபெல்லோஷிப் என்னும் உதவித்தொகை எங்கள் இருவருக்கும் ஒன்றாகக் கிடைத்தது. ஓராண்டு ஓவியக் கல்லூரியில் வகுப்பு எடுக்க வேண்டும். முடிவில் தனிக் கண்காட்சி வைப்பார்கள். ராயபுரத்துக்காரியான கஸ்தூரி அதுவரை சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவள். தன் பெயரில் ஒரு கண்காட்சி, ஐம்பதை நெருங்கும் வயதில்தான் அவளுக்கு வாய்த்தது.

மாணவர்களை எண்ணூருக்கு அழைத்துப் போவாள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஆற்றில் இடுப்பளவு நீரில் இறால் பிடிக்கும் பெண்களை வரையச் சொல்வாள். அவர்களில் தேசம்மாள் என்பவரை அவளே ஆளுயரத்துக்கு வரைந்தாள். கண் கலங்கிய முகம். கண்காட்சியின் முதல் படம் அதுதான் என்று அதை நடத்தும் பொறுப்பாளர் முடிவு செய்தார், அழைப்பிதழிலும் அச்சானது.

திறப்பு விழாவுக்குத் தேசம்மாள் நல்ல சேலை உடுத்தி, பக்கத்து வீட்டுக்காரியோடு வந்தார். படத்தின் முன் நின்றவரின் முகம் வாடிவிட்டது.

"இன்னாத்துக்கு கஸ்தூரி என்னை அழ வெச்சிகீற? ஆறு கெட்டுப்போச்சு, மெய்தான். அதுக்கோசரம் நான் அழுதுகினா கீறேன்?"

கஸ்தூரி படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வண்ணங்களை எடுத்துவந்தாள். பொறுப்பாளர் பதறிவிட்டார். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு இந்தப் படத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள், மாற்றினால் வாய்ப்பு போய்விடும் என்றார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று நானும் சொன்னேன்.

"மொகம் அவங்களுது. அவங்களே வேணாம்னா அப்பால யாருக்குக் காட்றது?" என்றாள்.

தேசம்மாளை நாற்காலியில் உட்காரவைத்தாள். மாணவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். விருந்தினர் சிலர் கிளம்பிப் போனார்கள். கண்களை அழித்து வரைந்தபடியே, ஆற்றைப் பார்த்துத் தனக்கு வந்த துக்கத்தை அந்த அம்மாளின் முகத்தில் ஏற்றிவிட்டதாக மாணவர்களிடம் சொன்னாள். "பாவம்னு நெனச்சு வரையாதீங்க. பார்த்து வரைங்க." தேசம்மாளோ பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் மருமகனைக் கேலி பேசிக்கொண்டிருந்தார். உதட்டோரம் எழுந்த அந்தச் சிரிப்பு படத்திலும் வந்துவிட்டது.

வெளிநாட்டு வாய்ப்பு போனது போனதுதான். கஸ்தூரிக்கு அதில் வருத்தம் உண்டு. அதை அவள் மறைத்ததில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து வாரம் ஒரு வகுப்பு, அன்று போலவே, கண்காட்சிக் கூடத்திலேயே நடக்கிறது. பொறுப்பாளரே முன்நின்று செய்த மாற்றம் அது. அன்று தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்திக்கு இந்த ஆண்டு ஃபெல்லோஷிப் கிடைத்திருக்கிறது.

கஸ்தூரியிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது. யாரை வரைந்தாலும் முதலில் அவர்களிடம்தான் காட்டுகிறேன். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. போன வாரம் திருவொற்றியூரில் மீன் விற்கும் ஓர் அம்மா தன் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தோட்டை வுட்டுட்டியேம்மா" என்றார். மீன் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தோட்டை வரைந்தேன்.