வதனி சரியாகத்தான் வாசித்தாள்

வதனியின் பல்கலைக்கழக இடத்தைப் பறித்தவள் நான். தெரிந்தே பறித்தேன்... நிதானமாக, சிரித்த முகத்தோடு!

வதனி என் அண்ணனின் மனைவி. கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வந்தவள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம். நான்கு வருடம் அப்படிப் படித்துப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றாள். வேலையை விட முடியாது என்பதால் பகுதிநேரமாகப் படிக்கக் கேட்டிருந்தாள்.

நானோ இங்கேயே பிறந்தவள். அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் பாதியில் விட்டவள்.

"பிறந்த நாட்டில படிக்க உனக்கு ஏலாமல் போச்சு. வந்தவள் படிக்கப்போறாள், பார்!" என்று அண்ணன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சிரித்தான். வதனி அவனை அதட்டினாள். எனக்காகப் பரிந்து பேசினாள்! அவன் கேலியைக்கூடப் பொறுத்திருப்பேன். அவளுடைய இரக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜெர்மன் மொழியில் எந்தக் கடிதம் வந்தாலும், இங்கே பிறந்த பிள்ளை வாசித்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்கு நிம்மதி. ஏழு வயதிலிருந்து எனக்கு அதுதான் உத்தியோகம். வதனிக்கு என் உதவி தேவையே இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகக் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"மச்சாள், இடம் கிடைச்சிட்டுது! ஆனா பகுதிநேரமாப் படிக்கிறதெண்டால் ரெண்டு கிழமைக்குள்ள தனியா ஒரு அன்ட்ராக் குடுக்கவேணுமாம். அப்பிடித்தானே போட்டிருக்கு?"

அப்படித்தான் போட்டிருந்தது. அந்த விண்ணப்பத்தைக் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும் என்றும் கீழே இருந்தது.

"இல்லை மச்சாள், அது வேற ஆக்களுக்கு. உங்களுக்கு அவையே ஃபோர்ம் அனுப்புவினம். பொறுங்கோ" என்றேன்.

அவள் கடிதத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத்தான் பிழையா விளங்கிட்டுது போல" என்றாள்.

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது இனித்தது!

தினமும் வேலையிலிருந்து வந்ததும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இன்னும் வரேல்லை மச்சாள்" என்பாள். "வரும்" என்பேன். மூன்றாம் வாரம் வந்தது... இடம் ரத்தாகிவிட்டது என்று மட்டும் சொன்ன கடிதம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவளோ, "நீங்கள் என்ன செய்வியள், நான் கேட்ட விதம் பிழையாக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் திரும்பவும் முயற்சி செய்யச் சொன்னான் அண்ணன். வதனியோ, "ஒரு கடிதத்தை ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவளுக்கு என்னத்துக்கு யூனிவர்சிட்டி?" என்று கேட்டுவிட்டுப் புத்தகங்களை நிலவறைக்குக் கொண்டுபோனாள். இப்போது முதியோர் இல்லத்தில் முழுநேர வேலை. படிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இப்போதாவது சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். பத்து நிமிடம் போதும். அவள் என்னை வெறுப்பாள்... வெறுக்கட்டுமே! அதற்கு நான் பயப்படவில்லை.

தான் சரியாகத்தான் வாசித்தோம் என்று தெரிந்தால், வதனி மறுபடியும் விண்ணப்பிப்பாள். படித்தும் முடித்துவிடுவாள்.

அதனால்தான் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை.