ஆறாவது கோப்பில் மறைந்த வரிகள்

1999 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன், துணி உலர்த்தினேன், கொரட்டூரில் 9.10 மின்ரயில் ஏறி அம்பத்தூர் போனேன். கையில் ஐந்து சோதனைத் தாள்கள், கார்பன் வைத்து எழுதியவை.

அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில், இரண்டு கணினிகளைச் சுற்றி, ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடுவோம். தமிழில் தட்டச்சு செய்வதற்கான ஓர் இலவச மென்பொருளைச் சோதிப்பது எங்கள் வேலை. எழுதியவர் வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழர். மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார். பிழை கண்டால் மின்னஞ்சலில் சொல்வோம், திருத்தி அனுப்புவார். சம்பளம் கிடையாது. டீ மட்டும் முறை வைத்து வாங்குவோம்.

சோதனைத் தாளைத் தயாரிப்பவன் நான். பாடியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். அங்கே ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்பும் கருவியைத் துடைத்து, முள்ளைப் பூஜ்யத்தில் வைப்போம். அந்தப் பழக்கத்தில் தாளின் முதல் விதியை இப்படி எழுதியிருந்தேன்: ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கவும்.

பூந்தமல்லியில் ஜாப் டைப்பிங் கடை நடத்தும் அம்மாளுக்கு மூன்று வாரமாக ஒரே புகார். சேமித்த கோப்பைத் திறந்தால் சில சமயம் கடைசி வரிகள் இருப்பதில்லை. மூன்று வாரமும் என் முறைப்படி சோதித்து, ‘காணப்படவில்லை’ என்று எழுதினேன்.

அன்று அவர் கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

“சார், நேத்து ஸ்கூல் கொஸ்டின் பேப்பர்ல ஆறு கேள்வி காணோம். திரும்ப உக்காந்து அடிச்சேன். நீங்க ‘காணல’ன்னு எழுதுறீங்க. அப்ப நான் பொய்யா சொல்றேன்?”

“பொய்னு சொல்லலம்மா. தாள்ல இருக்கறபடி செஞ்சா வரல.”

“அப்ப தாளையே வெச்சிக்கோங்க. நான் பழைய சாஃப்ட்வேருக்கே போய்டறேன். இன்னியோட சரி.”

எங்களில் பிழைப்புக்காக அடிப்பவர் அவர் ஒருவர்தான். மற்ற நால்வரும் சோதிப்பதற்காக மட்டுமே தட்டினோம். அவர் போய்விட்டால் எங்கள் சோதனைக்கு என்ன மதிப்பு என்று நான் யோசிப்பதற்குள், பட்டாபிராமிலிருந்து வரும் ரயில்வே ஊழியர் சிரித்தார்.

“இன்னா சார் நீ, ஒவ்வொரு தபாவும் அத குளிப்பாட்டி, பவுடர் போட்டுட்டு, அப்பால அழுக்கு கீதான்னு பாக்குற? அவங்க கடைல காலைல போட்ட மெஷினு ராவு வரிக்கும் ஓடிக்கினு கீது!”

கோபம் வந்தது. சோதனைத் தாளை மடித்து வைத்தேன்.

“உங்க வேலைய இங்கயே அடிங்கம்மா. நடுவுல மெஷின நிறுத்த மாட்டேன்,” என்றேன்.

பையிலிருந்து நோட்டீஸ் கையெழுத்துப் பிரதிகளை எடுத்தார். 10.40க்கு ஆரம்பித்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அடிப்பார், சேமித்து மூடுவார், மறுபடி திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஐந்து கோப்புகள் சரியாகவே இருந்தன. ஐந்தாவதும் சரியாக வந்தபோது அவர் என் பக்கம் திரும்பவில்லை. 1.25க்கு ஆறாவதைத் திறந்தார். கடைசி நான்கு வரிகள் இல்லை.

“மாட்டிகிச்சி மாமே!” என்று ரயில்வே ஊழியர் மேசையைத் தட்டினார்.

கணினியை நிறுத்தி இயக்கி, அம்மாளிடம் அதே நோட்டீஸை அடிக்கச் சொன்னேன். ஒரு வரிகூடக் குறையவில்லை. மூன்று வாரமாக, சோதிப்பதற்கு முன்பே பிழையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான்.

மின்னஞ்சலை அம்மாள் சொல்ல, நான் அடித்தேன். ‘கண்டவர்’ என்ற இடத்தில் அவர் பெயர். டெலிபோன் இணைப்பு நான்காவது முயற்சியில் கிடைத்து, கடிதம் 3.50க்குப் போனது.

“அடுத்த வாரம் வருவீங்களாம்மா?”

“அந்த மொத ரூலு இருந்தா வரமாட்டேன் சார்.”

மறுநாள் திங்கள். எழுந்ததும், தண்ணீர் பிடிக்கப் போகும் முன், ஐந்து தாள்களையும் மேசையில் பரப்பி, அளவுகோல் வைத்து முதல் விதியைக் கோடு போட்டு அடித்தேன். கார்பனை நம்பாமல், ஐந்திலும் தனித்தனியாக.