புடலங்கொடிக்கு ஒரு டப்பா சாம்பல்

ஜாதவ்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் என் மனைவி புடலை போட்ட ஒவ்வொரு வருஷமும் சிவப்பு வண்டு சொல்லி வைத்தாற்போல் வந்துவிடும். கொடி இரண்டு இலை விடவேண்டியதுதான் தாமதம், மறுநாள் இலை சல்லடையாகிவிடும். அவளும் விடமாட்டாள். விடிந்ததும் விடியாததுமாக மாடிக்கு ஏறிப்போய், ஈரத்தில் பறக்க முடியாமல் இலைக்கடியில் உட்கார்ந்திருக்கும் வண்டுகளைக் கையாலேயே பொறுக்கி, சோப்புத் தண்ணீர்க் குவளையில் போடுவாள். ஈரம் காய்வதற்குள் இலைமேல் சாம்பல் தூவுவாள்.

கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? தெருமுனை டீக்கடையில் கரி அடுப்பு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். கடைக்காரர் வயதான பீகார்க்காரர். இவளுடைய பழைய பால்பவுடர் டப்பா அவர் பெஞ்சுக்கடியில் குடியேறியது. வங்காளி வழக்கப்படி இவளை மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு, ஞாயிறுதோறும் சலித்த சாம்பலை அதில் நிறைத்துக் கொடுப்பார். கிடர்பூர் துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் அதிகாரியாக இருந்த எனக்கு மானம் போயிற்று.

"டப்பாவத் தூக்கிட்டு டீக்கடை வாசல்ல போயி நிக்கியே, பாக்கவன் என்ன நெனைப்பான்?"

"செடிக்குச் சாம்பல் வேணும்போலன்னு நெனைப்பான்," என்பாள்.

போன வருஷம் அவளுக்கு இருதயம் பலவீனமாயிற்று. படி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவள் கேட்டால்தானே. நாலு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். வண்டு முக்கியமா நான் முக்கியமா என்றுகூடக் கேட்டேன். அந்த ஆடியில் கொடியில் ஒரே ஒரு காய் நன்றாகத் திரண்டிருந்தது. சுருளாமல் நேராக நீளட்டும் என்று அதன் நுனியில் நூலால் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கூட்டு வைப்பதாக இருந்தாள்.

புதன்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள். வண்டு இல்லாவிட்டால் அவள் மாடி ஏறமாட்டாள் என்று நினைத்தேன். கடையில் கேட்டு வாங்கிவந்த மருந்தைக் கலக்கி, இலை, பூ, காய் என்று பார்க்காமல் கொடி முழுக்க அடித்தேன். கோபத்தோடுதான் அடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்தவளுக்கு மாடிப்படியிலேயே நெடி அடித்துவிட்டது. ஏறினாள். நானும் பின்னால் போனேன்.

"என்னத்த அடிச்சிய?"

"வண்டுக்குத்தான். இனிமே நீ ஏற வேண்டாம்லா."

காயைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள். அதை இனித் தின்ன முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மூச்சு வாங்கினா உக்காந்துகிட்டுப் பொறுக்குவேன். காலையில எந்திரிக்கதுக்கு எனக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு," என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. நூலை அறுத்துக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள். அதைக் கழுவி அடுக்களை ஜன்னலில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் மாடிக்குப் போகவேயில்லை. நான் கேட்டது நடந்துவிட்டது. எட்டு மணி வரை படுத்தே கிடந்தாள். எழுப்பினால், "எந்திரிச்சு என்ன செய்ய?" என்பாள். தெருவில் துர்கா பூஜைப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு விடியற்காலை போய்விட்டாள்.

டீக்கடைக்காரர் அப்போது பீகாரில் தன் ஊருக்குப் போயிருந்தார். தீபாவளிக்கு அடுத்த வாரம் அவர்கள் கொண்டாடும் சட் பூஜை முடிந்துதான் திரும்பினார். ஒரு ஞாயிறு நான் கடையைத் தாண்டும்போது கூப்பிட்டு, பெஞ்சுக்கடியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார். ஆடியிலிருந்து அது அங்கேயே காத்திருந்திருக்கிறது. மழைக்குப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்.

"மாசிமா ரொம்ப நாளா வரலியே, உடம்பு சரியில்லையா?" என்று வங்காளியும் இந்தியும் கலந்து கேட்டபடி இரண்டு கையாலும் நீட்டினார்.

ஒரு மாதத்துக்கு முன் சுடுகாட்டில் ஒரு மண்கலயத்தை இதே கைகளால் வாங்கியிருந்தேன். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் நானே புடலை போட்டிருக்கிறேன். விதை அவள் துணியில் முடிந்து வைத்தது. வண்டும் வந்தாயிற்று. விடிந்ததும் ஏறிப்போய்ப் பொறுக்குகிறேன். கண்ணாடி போட்டும் பாதி தப்பிவிடுகிறது. தப்பட்டும், நாளைக்கும் எனக்கு வேலை இருக்கும். ஒரு காய் பிடித்திருக்கிறது. ஜன்னலில் இருந்த கல்லை எடுத்துக் கட்டியிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் டப்பாவோடு டீக்கடை வாசலில் நிற்கிறேன். மாசிமா எப்போது வருவாள் என்று அவர் கேட்பார். அடுத்த மாசம் என்பேன். போன ஞாயிறு அவர் கேட்கவில்லை. சாம்பலை வழக்கத்தைவிட நேரம் எடுத்துச் சலித்தார். டப்பாவை என் கையில் வைத்தவர், கொஞ்ச நேரம் கையை விடவில்லை.