புளியங்கொட்டைக்கும் மொச்சைக்கும் நடந்த ஆட்டம்

ஜம்புநாதன் சார் மடியில் தட்டை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். புளியைப் பிட்டு, கட்டைவிரலால் கொட்டையைப் பிதுக்கி, ஈரத்துணியில் துடைத்து ஒரு டப்பாவில் போடுவார். உடைந்ததும் சொத்தையும் குப்பைக்குப் போயின. புளி எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

அவர் மனைவி ஜலஜா மாமி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு வெங்காயம் உரிச்சதில்லை. முழங்காலை மாத்தினா புத்தியும் மாறும்னு டாக்டர் சொல்லவே இல்லையே, அருக்காணி?"

"மயக்க மருந்து குடுத்தா சில பேருக்குக் கொஞ்ச நாளைக்கு அப்படி இருக்குமுங்க மாமி. சரியாப் போயிரும்" என்றேன்.

நான் கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்று, பல வருஷமாக அதையே தொழிலாகச் செய்கிறேன். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இவர்கள் வீடு. சாருக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். காலை மடக்க வைப்பது, ஐஸ் வைப்பது, நடக்க வைப்பது என் வேலை. மடக்கினார், நடந்தார். படி மட்டும் ஏற மாட்டேன் என்றார். ஒவ்வொரு நாளும் "நாளைக்கு" என்பார். பாங்க்கில் அதிகாரியாக இருந்தவர். நாளைக்கு வரச்சொல்லி ஆளை அனுப்புவது அவருக்குக் கைவந்த கலை.

புளியில் கை வைத்தது மாமிக்கு உதவி செய்ய அல்ல. அவருக்கு வேண்டியது கொட்டை.

மேல்மாடியில் பிமல் சேன்குப்தா என்று ஒருவர். ஜப்பான் கம்பெனி ஒன்றின் கல்கத்தா ஆபீசில் வேலை பார்த்தபோது 'கோ' என்ற ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட பலகை. கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் ஒருவர் கறுப்புக் கல்லும் மற்றவர் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த கல்லை நகர்த்தக் கூடாது. எதிரியை எல்லாப் பக்கமும் வளைத்துவிட்டால் பிடித்துவிடலாம். பார்க்க எளிதாகத்தான் இருக்கும். சார் அதைப் பல வருஷமாக ஆடுகிறார், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பலம் குறைந்தவருக்கு ஆரம்பத்திலேயே சில கற்களை வைத்துக் கொடுப்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். அதையும் வாங்கிக்கொண்டு தோற்பார்.

இப்போது சேன்குப்தா தசமிக்கு மறுநாள் புனேவில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறார். அவரை ஒரு முறையாவது ஜெயித்தே அனுப்ப வேண்டும் என்று சாருக்கு வெறி. சேன்குப்தாவின் புத்தகப் பெட்டிகள் முன்னதாகவே பார்சலில் போய்விட்டன. கோ பலகையும் கற்களும் அவற்றுக்குள். சார் கவலைப்படவில்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கறுப்புக்குப் புளியங்கொட்டை. வெள்ளைக்கு, நவராத்திரிக்காக மாமி வாங்கி வைத்திருந்த டப்பாவிலிருந்து மொச்சை.

"கொண்டைக்கடலைன்னா உருண்டு ஓடிடும். மொச்சை உக்காரும்" என்று எனக்கு விளக்கினார்.

பஞ்சமியன்று மத்தியானம் ஆடினார்கள். சார் ஒரு மூலையில் சேன்குப்தாவின் மொச்சையைக் கொத்தாகப் பிடித்தார். பாதி ஆட்டத்தில் துர்கா பூஜைக் கமிட்டியிலிருந்து சேன்குப்தாவுக்கு ஆள் வந்துவிட்டது. மீதியைத் தசமி சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அட்டையை அலமாரி மேல் வைத்து, சாப்பாடு மூடும் வலைக்கூடையால் மூடினார்கள். சார் அன்றிரவு வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

"ஜெயிக்கிற நெலமையில இருக்கேன், அருக்காணி."

"கால நீட்டுங்க" என்றேன்.

தசமி சாயங்காலம் சேன்குப்தா சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார். விஜயதசமிக்குக் கட்டித் தழுவிக்கொள்வது வங்காளிகள் வழக்கம். தழுவிக்கொண்டார்கள். சார் கூடையைத் தூக்கினார்.

அட்டையில் புளியங்கொட்டைகள் மட்டும் இருந்தன.

"ஜலஜா" என்று கூப்பிட்டார். குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

மாமி வந்து பார்த்தார். "உங்க கொட்டையில ஒண்ணைக்கூடத் தொடலை. நகர்ந்திருந்தா சொல்லுங்கோ. மொச்சை என்னோடது. வெள்ளிக்கிழமை கொலுவுக்கு அத்தனை பேரை வரச் சொல்லியாச்சு, டப்பாவைத் தொறந்தா அடி தெரியறது. என்ன பண்ணச் சொல்றேள்? நன்னா அலம்பித்தான் ஊறப்போட்டேன்."

சேன்குப்தாவுக்குத் தமிழ் அரைகுறை. என்ன என்று என்னைக் கேட்டார். வங்காளத்தில் சொன்னேன்; சாரும் அவரும் பேசிக்கொள்வதும் வங்காளத்தில்தான். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கு சுண்டல் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேனே. என் ஆளுங்களையா?"

"தேங்காய் போட்டது" என்றார் மாமி.

"ஜம்பு-தா, இத்தனை வருஷத்துல நீங்க பிடிக்காததை பௌதி ஒரே ராத்திரியில பிடிச்சுட்டாங்க." வங்காளத்தில் தா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி.

சார் சிரிக்கவில்லை. நான் கடைக்குப் போய்ப் புது மொச்சை வாங்கி வந்தேன். நன்றாக ஆடுகிறவர்களுக்கு முழு ஆட்டமும் வரிசையாக மனசில் இருக்குமாம். சேன்குப்தா தடுமாறாமல் ஒவ்வொரு மொச்சையாக வைத்தார். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசி மொச்சையில் தலை நின்றது.

"அங்கே இல்லை. ஒரு கோடு வெளியே."

"உள்ளேதான் வெச்சேன்."

அந்த ஒரு கோட்டில் ஆட்டமே இருந்தது. ஒரு கூட்டம் உயிரோடிருக்க அதற்குள் தனித்தனியாக இரண்டு காலி இடம் வேண்டும். மொச்சை வெளியே என்றால் சாரின் பெரிய கூட்டம் பிழைக்கும், ஜெயிப்பார். உள்ளே என்றால் கூட்டம் மொத்தமும் செத்தது.

"யோசிச்சுப் பாரு, பிமல். என் வீட்டு நடுவுல நீ வந்து உக்காந்தா, நான் அதை விட்டுட்டு அந்தக் கோடியில போய் வெச்சிருப்பேனா? என் கொட்டை அங்கே இருக்கே, பாரு. எந்த முட்டாள் அப்படி வெப்பான்?"

"நீங்க வெப்பீங்க, ஜம்பு-தா. இதைவிட மோசமா வெச்சதை நான் நிறையப் பாத்திருக்கேன்."

"இந்தத் தடவை நன்னா ஆடினேன்."

"ஆடினீங்க. அதனாலதான் எனக்கும் ஆச்சரியமா இருந்தது."

இருவரும் நல்லவர்கள்; ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறியது. சேன்குப்தா எழுந்து, மூட்டை கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தேஷை மாமியும் நானும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை சாரைக் கட்டிலில் படுக்கவைத்துக் குதிகாலை இழுத்து மடக்க வைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் பந்தல் மேளக்காரர்கள் ஊருக்குக் கிளம்புமுன் தாக் என்ற பெரிய மேளத்தை அடித்தார்கள். சாரின் கால் பாதியில் நின்றது.

"தடி எங்கே?"

"இன்னும் பத்துத் தடவை பாக்கி இருக்கு."

"தடியைக் குடு."

படி முன்னால் போய் நின்றார். நல்ல காலை முதலில் வைக்கச் சொன்னேன். வைத்தார். மேலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் ஃப்ரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டுவிட்டு மறுபடி ஏறினார். நடுவில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் பின்னால் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சேன்குப்தா காலி ஹாலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பிமல், ஆடின அன்னிக்குப் பந்தலுக்கு அம்மன் லாரியில வந்துது. தாக் சத்தம் கேட்டு நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்ததும் 'உங்க முறை'ன்னே. நீ எங்கே வெச்சேன்னு நான் பாக்கவே இல்லை. முன்னாடியே நெனைச்சு வெச்சிருந்த எடத்துல வெச்சுட்டேன்."

"அப்போ என் கல்லு?"

"உள்ளேதான். நான் தோத்தேன்."

சேன்குப்தா நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஐயோ, ஜம்பு-தா. நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு நேத்து பையனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே. போற நேரத்துல எதுக்குச் சண்டைன்னு நெனைச்சேன்."

"மாத்திச் சொல்லு."

"இப்பவா? அவன் ஆபீஸ்ல இருப்பான்."

"இப்பவே."

சேன்குப்தா போன் போட்டார். முந்தின நாள் சொன்னது தப்பு, ஜம்பு-தா தோற்றுவிட்டார், வழக்கம்போலத்தான் என்று மகனிடம் சொன்னார். 'வழக்கம்போல' என்றபோது சார் கையை நீட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் போனை வைத்தாயிற்று. இருவரும் கைகுலுக்கினார்கள். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஆபரேஷன் ஆன காலை முதலில் வைக்கச் சொல்லி, நான் ஒரு படி முன்னால் நின்று, இறக்கினேன். சேன்குப்தா தன் பையோடு எங்கள் பின்னால் பொறுமையாக வந்து, எங்கள் வாசலில் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்.

மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"படியேறிப் போய்த் தோத்தேளா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இட்லி கேட்டார். முழங்கால் வீங்கியிருந்தது. அதை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து ஐஸ் வைத்தேன்.